கம்பியடித் தோட்டத்துக்கு வந்த மானியம்

வெள்ளம் வடிந்த மறுநாள் காலையில் நானும் என் கணவரும் தோட்டத்துக்குப் போனபோது, பாத்தி எங்கே முடிகிறது, வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. எல்லாம் ஒரே சேறு. வெண்டைச் செடிகள் நின்ற நிலையிலேயே செத்திருந்தன. கீரை போட்டிருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கூழ் படர்ந்திருந்தது. கங்கோங் கீரை மட்டும் தண்ணீரோடு தண்ணீராக மிதந்து பிழைத்துக்கொண்டது. ஆனால் எங்கிருந்தோ வந்த எண்ணெய்ப் படலம் அதன் இலைகளில் மினுமினுத்தது. அதை யார் வாங்குவார்கள்?

அவர் தண்ணீர் இறைக்கும் பம்பைத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தார். உள்ளேயிருந்து சேறு ஒழுகியது. மெதுவாகக் கீழே வைத்தார். உர மூட்டைகளை அடுக்கியிருந்த மூலையில் வெறும் சாக்குகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. "வா, போவோம்" என்றார். நாங்கள் வந்து கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

எங்கள் தோட்டம் தெலுக் பங்லிமா காராங்கிற்கு வெளியே இருக்கிறது. பெரிய மின்கோபுரங்கள் வரிசையாகப் போகும் பாதையில், கம்பிகளுக்கு அடியில் நீளமாகக் கிடக்கும் நிலம். நாங்கள் அதைக் கம்பியடி என்று சொல்வோம். அங்கே வீடு கட்டக்கூடாது என்பதால் காடாகக் கிடந்தது. என் கணவர் லோரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் பழக்கமான ஒருவர் அதில் ஒரு துண்டைத் திருத்திக் கீரை போட்டுவந்தார். அவர் ஊரை விட்டுப் போகும்போது என் கணவரிடம், நீ பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். முதுகுவலியால் லோரி ஓட்ட முடியாமல் போனபோது இவர் முழு நேரமும் அங்கேயே இறங்கிவிட்டார். நான் வேலை செய்த தொழிற்சாலை வேறு நாட்டுக்கு மாறிப் போனதும் நானும் கூடச் சேர்ந்துகொண்டேன். கிரான் என்ற நிலப் பட்டா கிடையாது, வாடகை ஒப்பந்தம் கிடையாது. இது உங்கள் நிலமா என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. யாரும் கேட்காமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அரசாங்கம் உதவி தருகிறது என்ற செய்தியைச் சொன்னவர் பக்கத்துத் துண்டில் சாவிக் கீரையும் கத்திரிக்காயும் போடும் சீனர். எங்களை விட வயதில் பெரியவர் என்பதால் அங்கிள் என்றே கூப்பிடுவோம். அவருடைய பாத்திகளும் போய்விட்டன. ஆனால் முகத்தில் அவ்வளவு கலக்கம் இல்லை. வெள்ளத்தில் பயிர் இழந்த விவசாயிகளுக்கு மாவட்ட விவசாய அலுவலகம் மானியம் கொடுக்கும், போட்டோ எடுத்துக்கொண்டு போய்ப் பதியுங்கள் என்று மலாயில் சொன்னார். அதிகாரி வந்து பார்க்கும்வரை எதையும் சுத்தம் செய்யக்கூடாது, சுத்தம் செய்துவிட்டால் என்ன சேதமாயிற்று என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் என்றும் சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் லேசானதுபோல் இருந்தது. என் கணவர் அங்கிளுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்து எங்கள் வேனில் ஏறினார். கிள்ளானில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தோம். சாப்பிட உட்கார்ந்தபோதுதான், அதெல்லாம் நமக்கு வேண்டாம் என்றார்.

அவர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வேக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பலகையால் கட்டிய வீடுகளில் ஒன்றில் குடியேறினார்கள். ஒரு நாள் சிலர் அளக்கும் நாடாவோடு வந்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினார்கள், கதவில் எண் போட்டார்கள். இவருடைய அம்மா அவர்களை உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுத்தாராம். நல்லது ஏதோ நடக்கப்போகிறது என்று தெருவே நினைத்தது. சில மாதங்களில் வீடுகளை இடித்தார்கள். இதை அவர் எனக்குக் கல்யாணமான புதிதில் ஒருமுறை சொன்னார். அதன் பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அன்றைக்குத்தான் மறுபடியும் பேசினார்.

"பேரு எழுதிக்கிட்டுப் போனாங்க, பின்னாலயே புல்டோசர் வந்துச்சு. அதுலேர்ந்து எவனாச்சும் பேரு கேட்டா நான் அந்தப் பக்கமே நிக்கிறதில்ல."

"இவங்க பயிரப் பாக்க வர்றவங்க. நம்மள வெரட்ட வரல."

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஃபைலத் தூக்கிக்கிட்டுத்தான் வருவாங்க. கிரான் எங்கன்னு கேட்டா நீ என்ன சொல்லுவ?"

எனக்கு வேறு ஒன்றுதான் தெரிந்தது. விதைக்குக் கையில் வழியில்லை, பம்ப் இல்லை, உரம் இல்லை. இவருக்கு இனிமேல் லோரி ஓட்ட முடியாது. எனக்கு இந்த வயதில் தொழிற்சாலையில் யாரும் வேலை கொடுக்கமாட்டார்கள். செமினியில் கட்டிக்கொடுத்த மகளிடம் போய் நிற்க இருவருக்குமே மனமில்லை. யாரும் கேட்காமல் இருந்தால் நிலம் நம்மிடம் இருக்கும் என்பது சரி. அந்த நிலத்தில் எதைப் போடுவது?

அதைத்தான் அவரிடம் சொன்னேன். குரல் உயர்த்தவில்லை. நான் போய்க் கேட்டுப் பார்க்கிறேன், உண்மையைத்தான் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் போகாதே என்று சொல்லவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் நான் பஸ் ஏறிப் போனேன். வழியில் தோட்டத்தில் இறங்கி, மகள் வாட்ஸ்அப்பில் சொல்லிக் கொடுத்தபடி எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்துக்கொண்டேன். அலுவலகத்தில் நல்ல கூட்டம். எல்லோருடைய செருப்பிலும் அதே நிறச் சேறு. கவுண்டரில் இருந்தவர் என் ஐ.சி. அடையாள அட்டையை வாங்கினார். நிலம் யாருடையது என்று கேட்டார். மின்கம்பிக்கு அடியில் உள்ள நிலம், எங்களிடம் காகிதம் எதுவும் இல்லை என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எதையோ தட்டினார். அதிகாரி வந்து பார்ப்பார், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். இவ்வளவு நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றது இதற்குத்தானா என்று தோன்றியது. ஆனாலும் வெளியே வந்ததும் பயம் திரும்ப வந்துவிட்டது. பெயர் எழுதியாகிவிட்டது. இனி அழிக்க முடியாது.

பிறகு காத்திருந்தோம். அதிகாரி வரவில்லை. வெள்ளம் பல இடங்களில் அடித்திருந்தது, அவர்களும் எத்தனை இடத்துக்குத்தான் போவார்கள்? வெயில் ஏற ஏறச் சேறு வெடித்தது. அழுகிய வேர்களின் நாற்றம் சாலைவரை வந்தது. நிலத்தைக் கொத்திவிட்டு வெயிலில் காயப்போட்டால்தான் அடுத்த பயிர் வைக்க முடியும். என் கணவருக்குச் செத்த செடியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காரத் தெரியாது. தினமும் என்னோடு வந்தார். பாரிட் வாய்க்காலில் அடைத்துக் கிடந்த குப்பையை வாரினார், வேலியைக் கட்டினார், பாத்திப் பக்கமே போகவில்லை.

ஒரு நாள் மண்வெட்டியோடு நேராக வெண்டைப் பாத்திக்குள் இறங்கினார். எனக்குப் பதறியது. தடுத்தால் சண்டை வரும் என்று வரப்பிலேயே நின்றேன். முதல் வெட்டு வெட்டினார். மண் கறுப்பாகப் புரண்டது. அப்புறம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வெட்டிய மண்ணைக் காலால் தள்ளிப் பழையபடி மூடிவிட்டு மேலே ஏறி வந்து, "அவங்க எப்பதான் வருவாங்களாம்?" என்று கேட்டார். பதிந்த நாளிலிருந்து அவர் அதைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் முறை.

அதற்கடுத்த வாரம் வந்தார்கள். வந்தது தலையில் துடோங் கட்டிய இளவயது மலாய்ப் பெண். கூட ஒரு ஓட்டுநர். அரசாங்க வண்டி மண் பாதையில் திரும்பியதுமே என் கணவர் பம்ப் கொட்டகைக்குள் போய்விட்டார். அந்தப் பெண் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கினாள். காலை எங்கே வைப்பது என்று தெரிந்து நடந்தாள். ஒவ்வொரு பாத்தியிலும் என்ன போட்டிருந்தோம், எப்போது போட்டோம் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள், போட்டோ எடுத்தாள். செத்த வெண்டைச் செடி ஒன்றைப் பிடுங்கி வேரை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

நிலத்தைப் பற்றி அவள் கேட்பதற்கு முன்பே நானே சொல்லிவிட்டேன். அதைச் சுமந்துகொண்டு அவள் பின்னால் நடக்க என்னால் முடியவில்லை. அவள் தலையாட்டிக்கொண்டாள். யார் பெயரில் பதிவது, ஆன்டி பெயரிலா என்று கேட்டாள். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தபோது கொட்டகைக் கதவு திறந்தது.

என் கணவர் நேராக எங்களிடம் வந்தார். சட்டைப் பொத்தானை மேலே வரைக்கும் போட்டிருந்தார். ஐ.சி.யைக் கையில் எடுத்து வைத்திருந்தார். அவருடைய மலாய் லோரிக்காரர் மலாய், சுத்தமாக இருக்கும். அவளை மரியாதையாகச் சிக் என்று கூப்பிட்டதைத் தவிர, அவர் சொன்னதை நான் தமிழில்தான் நினைவு வைத்திருக்கிறேன்.

"என் பேர எழுதுங்க, சிக். அவ பேரு வேணாம். இந்த எடத்துக்கு வந்தது நான்தான். நாளைக்கு ஏதாச்சும் நடவடிக்கைன்னா என் மேல இருக்கட்டும்."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் ஐ.சி.யை அவளிடம் நீட்டினார்.

"அங்கிள், நடவடிக்கை ஒண்ணும் கிடையாது. உங்க பயிர் போச்சு, அதுக்கு அரசாங்கம் உதவி பண்ணுது. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"அப்ப நாங்க இங்கயே இருக்கலாமா?"

அவள் உடனே ஆமாம் என்று சொல்லிவிடவில்லை. அதனால்தான் அவளை எனக்குப் பிடித்தது. நிலம் மின்சாரக் கம்பெனியின் பொறுப்பில் இருக்கிறது, அது என் கையில் இல்லை என்றாள். ஆனால் கம்பிக்கு அடியில் உயரமில்லாத பயிர் செய்வதற்கு அனுமதி கேட்கலாம், கேட்ட பலருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அனுமதி வந்தால் உங்களை விவசாயி என்று முறையாகப் பதியலாம், இந்த உதவி மட்டுமல்ல, உர மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அதுவரை உங்கள் மனுவை நான் மூடாமல் வைத்திருக்கிறேன் என்றாள். பிறகு பக்கத்துத் துண்டைக் கைகாட்டி, இந்த அங்கிளுக்கு அனுமதி இருக்கிறதே, அவரிடம் கேளுங்கள், எங்கே போகவேண்டும் என்று சொல்வார் என்றாள்.

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தனை வருடம் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கத்திரிக்காய் கொடுத்தவர், பூச்சி மருந்து கடன் வாங்கியவர், மழை வருமா என்று வானத்தைப் பார்த்துப் பேசியவர். அவரிடம் போய்க் கேட்டோம். ஆமாம், எப்போதோ வாங்கிவிட்டேன், நீங்களும் வைத்திருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றார். என் கணவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியாமல் அங்கிளும் சிரித்தார். அன்று சாயங்காலமே இரண்டு பேரும் சேர்ந்து பாத்திகளைக் கொத்தினோம். அதிகாரி பார்த்துவிட்டாள், இனிச் சுத்தம் செய்யலாம். மண்ணைப் புரட்டப் புரட்ட அந்த நாற்றம் குறைந்துகொண்டே வந்தது.

அனுமதி கேட்க மின்சாரக் கம்பெனிக்கு இவரே போனார். நான் கூடப் போகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். அங்கிள்தான் தன் வண்டியில் கூட்டிக்கொண்டு போய் எந்த மாடி, எந்தக் கவுண்டர் என்று காட்டினாராம். திரும்பி வந்தவர், ஆள் அனுப்பி அளந்து பார்ப்பார்களாம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அளந்து பார்ப்பது என்ற வார்த்தையைச் சொல்லும்போது முகம் பழையபடி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. தோட்டத்தில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார்.

கடைசியில் வந்தவர் ஒரு தமிழர், முப்பது வயதிருக்கும். தொப்பியைக் கழற்றிவிட்டு, வணக்கம் அண்ணே, இங்கே கொஞ்சம் பார்க்கணும் என்றார். தோளில் நாடா, கையில் உயரம் அளக்கும் ஒரு கருவி. நிலத்தின் எல்லையில் அங்கங்கே குச்சி நட்டார். கோபுரத்தின் காலிலிருந்து எங்கள் வேலிவரை அளந்தார். என் கணவர் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். யாரும் பிடிக்கச் சொல்லவில்லை. கொட்டகைக்குப் பக்கத்தில் வந்ததும் அந்த ஆள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"அண்ணே, இந்த முருங்கைய வெட்டிருங்க. கம்பிக்கு நேரா போவுது."

"சரி."

"கொட்டகக் கூரையயும் கொஞ்சம் எறக்குங்க. குப்பைய இங்க கொளுத்தாதீங்க."

"சரி. அப்புறம்?"

"அவ்ளோதான்லா. மழ காலத்துல கோபுரத்துக்கிட்ட போகாதீங்க, ஆபத்து."

என் கணவர் நாடாவை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் அதை மெல்ல இழுத்து வாங்கிச் சுருட்டிக்கொண்டார். வண்டி போகும்வரை காத்திருந்து, இவர் கத்தியை எடுத்துக்கொண்டு முருங்கையில் ஏறினார். முதுகுவலி இருக்கும் ஆள் மரத்தில் ஏறலாமா என்று நான் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கிளை கிளையாக விழுந்தது. அங்கிளுக்குக் கொஞ்சம், எங்கள் ஃபிளாட்டில் மாடி மாடியாகக் கொஞ்சம் என்று கீரை போயிற்று. மூன்று வேளையும் முருங்கைக்கீரைதான் சாப்பிட்டோம். எனக்கு அலுத்துப்போனது, அவருக்கு அலுக்கவில்லை.

அனுமதி வந்தது. அதைக் கொண்டுபோய் விவசாய அலுவலகத்தில் காட்டினோம். இந்த முறை இருவரும் போனோம். பூட்ஸ் போட்டு வந்த அந்தப் பெண் உள்ளேயிருந்து பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். ஆன்டி பெயரையும் சேர்த்துப் பதியலாமா அங்கிள், இப்போது பயமில்லையே என்று கேட்டாள். இவருக்கு வெட்கமாகிவிட்டது. எழுதுங்கள், இந்த அலுவலகத்துக்கு அவள்தான் முதலில் வந்தவள் என்றார்.

மானியம் கணக்கில் ஏறிய செய்தி என் போனுக்கு ஒரு மத்தியானம் வந்தது. நான் சேற்றுக் கையோடு போனை எடுத்துப் படித்தேன். போனதையெல்லாம் திருப்பித் தரும் அளவுக்கு இல்லை. பம்பைப் பழுது பார்த்து, விதையும் கொஞ்சம் உரமும் வாங்க முடியும். எங்களுக்கு அது போதும். அவர் தூரத்தில் புதிய பாத்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். கத்திக் கூப்பிடத் தோன்றவில்லை. நடந்து போய்ப் போனைக் காட்டினேன். கண்ணாடி இல்லாததால் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நம்ம பேருலயா வந்திருக்கு?"

"நம்ம ரெண்டு பேரு பேருலயும்."

அவர் தலையை ஆட்டினார். பாத்திக்கரையில் படுத்துவிட்டார். நான் பயந்துபோய் என்னங்க என்று குனிந்தேன். ஒன்றுமில்லை, முதுகை நீட்டிக்கொள்கிறேன் என்றார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. வெள்ளம் வந்த நாளிலிருந்து அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. வெயில் முகத்தில் படாமல் இருக்கட்டும் என்று என் தொப்பியை எடுத்து வைத்தேன். மேலே கம்பிகள் எப்போதும்போல் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தன.

அந்த வாரமே விதை வாங்கக் கிள்ளானில் ஒரு கடைக்குப் போனோம். கீரை, வெண்டை, கங்கோங் என்று வழக்கமானவற்றை நான் எடுத்து வைத்தேன். எல்லாம் சீக்கிரம் அறுத்துவிடக்கூடிய பயிர்கள். நாங்கள் அந்த மாதிரிப் பயிரைத் தவிர வேறு எதையும் அந்த நிலத்தில் வைத்ததில்லை. ஏன் என்று நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை. யாராவது வந்து போகச் சொன்னால் அறுத்துக்கொண்டு போய்விடலாம், அவ்வளவுதான் காரணம். இவர் கடையின் பின்பக்கம் போய் ஒரு கூடையைக் கிளறிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் மஞ்சள் கிழங்கு.

"இது அறுக்க ஒரு வருஷம் கிட்ட ஆவுமேங்க" என்றேன்.

"ஆவட்டும்" என்றார். கடைக்காரரிடம் இன்னும் கொஞ்சம் நல்ல கிழங்காகப் பொறுக்கித் தரச் சொன்னார். ஒவ்வொன்றாக வாங்கி, முளை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துப் பையில் போட்டார். எனக்குப் பசித்தது. அவருக்கு அவசரமே இல்லை.